பாய்லர்காரர் கணக்கு

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது எங்கள் தெரு முழுக்கத் தெரிந்த விஷயம். ஆகவே எனக்குப் பிரஷர் என்று டாக்டர் சொன்னபோது ஒருவருக்கும் ஆச்சரியம் இல்லை. "இப்பத்தான் கண்டுபிடிச்சாங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனாள் எதிர்வீட்டுக்காரி. கோபக்காரர்களுக்குத்தான் பிரஷர் வரும் என்பதில்லை, வாயே திறக்காத சாதுவுக்கும் வயதானால் வரலாம் என்று டாக்டரே சொன்னார். அதை ஒவ்வொரு வீடாகப் போய்ச் சொல்லிக்கொண்டிருக்க எனக்கு நேரமில்லை.

பிரஷரை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவும் இல்லை. அது வலிக்காது, அரிக்காது, தூக்கத்தைக் கெடுக்காது. மாத்திரையைப் போட்டுக்கொண்டு என் பாட்டுக்கு இருந்தேன். வினை கண்ணில் ஆரம்பித்தது.

ஒரு பெரிய ஹோட்டலின் துணி அறையில் எனக்கு வேலை. கிழிந்த படுக்கை விரிப்பு, ஜிப் போன தலையணை உறை, பட்டன் அறுந்த சீருடை எல்லாம் என் தையல் மிஷினுக்குத்தான் வரும். நான் தைத்த இடத்தைத் தடவிப் பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாது என்பது என் திமிர். அப்படிப்பட்டவள் ஒருநாள் வெள்ளை விரிப்பை வெளிர் மஞ்சள் நூலால் தைத்து வைத்தேன். எனக்கு இரண்டும் ஒரே நிறமாகத் தெரிந்தன. அடுத்த வாரம் துணியோடு என் விரலையும் சேர்த்துத் தைத்தேன்.

சூப்பர்வைசர் பெண்ணுக்கு என் மகள் வயது. அவள் திட்டியிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை பேசி மனதை ஆற்றிக்கொண்டிருப்பேன். அவளோ, கண்ணைச் சரி பண்ணிட்டு வாங்கம்மா, அதுவரைக்கும் துண்டு மடிங்க என்று அன்பாகச் சொன்னாள். என் மிஷினில் வேறொரு பெண்ணை உட்காரவைத்தார்கள். அறையின் மறுகோடியில் துண்டு மடித்தபடி அந்த மிஷினின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அவள் நூலை ரொம்ப இறுக்கிவைத்து ஓட்டுகிறாள் என்பது சத்தத்திலேயே தெரிந்தது. போய்ச் சொல்லலாம் என்று தோன்றும். சொல்ல மாட்டேன்.

இரண்டு கண்ணிலும் புரை, வலது கண்ணில் முற்றிவிட்டது, ஆபரேஷன் செய்தால் பளிச்சென்று தெரியும் என்றார் கண் டாக்டர். தேதியும் கொடுத்தார். அன்றைக்குப் பச்சை அங்கியை மாட்டிக்கொண்டு, கண்ணில் சொட்டு மருந்து விட்டுக்கொண்டு, உள்ளே போகத் தயாராக உட்கார்ந்திருந்தேன். நர்ஸ் கையில் பட்டையைக் கட்டிப் பிரஷர் பார்த்தார். நூற்றுத் தொண்ணூறைத் தாண்டி நின்றது. இவ்வளவு பிரஷரோடு கண்ணில் கை வைக்க முடியாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். மாத்திரையைக் கூட்டிக்கொண்டு இரண்டாம் முறை போனேன். கொஞ்சம் இறங்கியிருந்தது, போதவில்லை. மறுபடியும் அங்கியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

மூன்றாவது தேதி மூன்று மாதம் தள்ளிக் கிடைத்தது. அதற்குள் ஹோட்டலில் சீசன் ஆரம்பித்துவிடும். சூப்பர்வைசர் பெண் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னாள். இந்த முறையும் ஆபரேஷன் நடக்காவிட்டால், மிஷினில் இருக்கும் பெண்ணையே நிரந்தரமாக உட்காரவைத்துவிடச் சொல்லி மேலிடத்திலிருந்து வந்துவிட்டதாம். கடைசிவரை துண்டு மடிப்பதா, மிஷினுக்குத் திரும்புவதா என்பது என் பிரஷர் கையில் இருந்தது.

பிரஷர் பார்க்கும் டாக்டரம்மா என் மாத்திரைகளைப் புரட்டிப் பார்த்தார். மாத்திரை அதன் வேலையைச் செய்கிறது, மீதி வேலையை நீங்கள் செய்ய வேண்டும் என்றார். தினமும் வேகமாக நடக்க வேண்டும். நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்து உட்கார்ந்து பழக வேண்டும். உப்பைக் குறைக்க வேண்டும். வயதாகிவிட்டதே, இனிமேல் என்ன என்று நினைக்க வேண்டாம், அறுபதைத் தாண்டியவர்களுக்கும் நடை நன்றாகவே வேலை செய்கிறது என்று சொன்னார். இதயம் தாங்குமா என்று தெரிந்துகொள்ள ஒரு டெஸ்ட்டும் எடுத்தார். அது சரியாகவே இருந்தது. நான் தலையாட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர் தலையாட்டவில்லை.

இவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். துணிக்குச் சாயம் போடும் ஆலையில் பாய்லர் ஆபரேட்டர். தெருவில் இவருக்குப் பெயரே பாய்லர்காரர்தான். காலையில் முதல் ஆளாகப் போய் நெருப்பு மூட்டுவார். நீராவி ஏற ஏற அளவுமானியின் முள் நகர்வதைக் கண் கொட்டாமல் பார்ப்பார். முள் சிவப்புக் கோட்டைத் தொட்டால் வெடித்துவிடும் என்ற பயத்திலேயே வயிறு வளர்த்தவர். எங்கள் வீட்டில் பிரஷர் என்ற சொல் அதுவரை அவருக்கே சொந்தமாக இருந்தது. "இன்னைக்குப் பிரஷர் சரியில்ல" என்று சொல்லிக்கொண்டே செருப்பைக் கழற்றினால் ஆலையில் ஏதோ கோளாறு என்று அர்த்தம். எனக்கும் வந்த பிறகு, யாருடைய பிரஷர் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதாயிற்று.

அன்று வீட்டுக்கு வந்ததும் அவர் கணக்கை ஆரம்பித்தார். நெருப்பைக் கூட்டினால் சூடு ஏறும், சூடு ஏறினால் பிரஷர் ஏறும். நடந்தால் உடம்பு சூடாகிறதா இல்லையா? வேர்க்கிறதா இல்லையா? அப்புறம் எப்படி இறங்கும்?

"முள்ளு ஏற்கெனவே சிவப்புல நிக்குது. இதுல அடுப்பைக் கூட்டச் சொல்றாங்க. எந்தப் பாய்லர்லயாவது இது நடக்குமா?" என்றார்.

நான் பாய்லர் இல்லை என்று சொன்னேன். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வாய்ப் பேச்சு எதற்கு, நிரூபித்தே காட்டுகிறேன் என்று, மகள் வாங்கிக் கொடுத்திருந்த பிரஷர் மெஷினை எடுத்துவந்தார். என்னை மாடிப்படி ஏறி இறங்கச் சொன்னார். இன்னொரு தடவை என்றார். நானும் வீம்புக்கு ஏறி இறங்கினேன். மூச்சு வாங்க நின்றவளின் கையில் உடனே பட்டையைக் கட்டிப் பொத்தானை அழுத்தினார். ஆபரேஷன் அறையிலிருந்து திரும்பி வந்த அன்றைக்கு இருந்ததைவிட அதிகமாகக் காட்டியது. அவர் அந்த மெஷினை, திருடனைக் கையும் களவுமாகப் பிடித்தவர் போல என் முகத்துக்கு நேரே தூக்கிக் காட்டினார். எனக்கும் பயமாகிவிட்டது. அந்த வாரம் முழுக்க நடையைப் பற்றிய பேச்சையே எடுக்கவில்லை.

இதில் அவரை முழுக்கக் குறை சொல்லவும் முடியாது. அவருடைய அண்ணன், என் மூத்தார், சிலிண்டரை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனபோது படியிலேயே சரிந்தவர். பிரஷர் இருந்தது அவருக்கே தெரியாது. மாத்திரை இல்லை, டாக்டரும் இல்லை. அதை இவரிடம் எடுத்துச் சொல்ல முடியுமா? அன்றிலிருந்து படியில் யாராவது வேகமாக ஏறினாலே இவருக்கு முகம் மாறிவிடும். நான் உட்கார்ந்தே இருந்தால் போதும், எழுந்திருக்கவே வேண்டாம், தண்ணீர் கூடத் தானே கொண்டுவந்து தருகிறேன் என்ற அளவுக்குப் போனார். ஊசியில் நூல் கோத்துக்கூடக் கொடுத்தார். அவருடைய அன்பில் நான் குருடாகி, ஓர் ஓரமாக உட்கார்ந்து நூறு வயது வரை வாழ வேண்டும் போலிருந்தது. எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

அடுத்த முறை டாக்டரம்மாவிடம் தனியாகப் போனேன். மாடிப்படிச் சோதனையைச் சொன்னதும் அவர் சிரித்துவிட்டார். நடக்கும்போதும் ஏறும்போதும் பிரஷர் கூடத்தான் செய்யும், நின்றதும் பார்த்தால் அந்தக் கூடுதல்தான் தெரியும். அரைமணி கழித்துப் பார்த்திருந்தால் முன்பைவிடக் குறைந்துகூட இருந்திருக்கும். விடாமல் வாரக்கணக்கில் நடந்தால், சும்மா இருக்கும்போதும் குறைந்தே நிற்க ஆரம்பிக்கும் என்றார். எனக்குப் புரியும்படி இன்னொன்றும் சொன்னார்.

"உங்க வீட்டுக்காரர் பார்க்கிற குழாய் இரும்பு. நம்ம குழாய் அப்படி இல்லம்மா. நடக்க நடக்க அது இளகிக் கொடுக்கும்."

கூடவே கறாராகச் சில விஷயங்களும் சொன்னார். மாத்திரையை நிறுத்தவே கூடாது. மூச்சை அடக்கிக்கொண்டு எதையும் தூக்கக் கூடாது. நெஞ்சு வலித்தாலோ தலை சுற்றினாலோ அங்கேயே உட்கார்ந்துவிட வேண்டும். எவ்வளவு வேகமாக நடப்பது என்று கேட்டேன். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அந்த வேகம் என்றார்.

எனக்குப் பாட வராது. அதனால் திட்டிப் பார்ப்பது என்று முடிவு செய்தேன்.

எங்கள் தெருக்கோடியில் ஒரு பள்ளிக்கூட மைதானம் இருக்கிறது. கம்பி வேலியை ஒட்டி உள்பக்கமாகச் சுற்றிலும் நடைபாதை. வீட்டுக்காரர் விடியற்காலையில் நெருப்பு மூட்டப் போனதும் நான் மகளின் பழைய கான்வாஸ் ஷூவை மாட்டிக்கொண்டு கதவைப் பூட்டிவிட்டுக் கிளம்பிவிடுவேன். அந்த வயதில் ஒருத்தி தன் புருஷனுக்குத் தெரியாமல் வீட்டைவிட்டுப் போவது எதற்காக என்று யாராவது கேட்டிருந்தால், நடப்பதற்காக என்று சொன்னால் நம்பியிருக்க மாட்டார்கள்.

நடந்துகொண்டே வாய்க்குள் அவரைத் திட்டுவேன். திட்டு தங்குதடையில்லாமல் வந்தால் வேகம் போதாது, காலை எட்டிப் போட வேண்டும். பாதி வார்த்தையில் மூச்சு முட்டினால் வேகம் அதிகம், குறைக்க வேண்டும். ஒரு வாக்கியத்தைச் சொல்லி, ஒரு மூச்சு விட்டு, அடுத்த வாக்கியத்தைச் சொல்ல முடிந்தால் சரியான வேகம். இத்தனை வருஷத்தில் அவர் செய்த ஒவ்வொன்றையும் வரிசையாக எடுத்துக்கொண்டேன். கல்யாணத்தன்று லேட்டாக வந்ததிலிருந்து ஆரம்பித்தேன். பொருள் தீர்ந்துபோகும் என்ற கவலையே எனக்கு இருக்கவில்லை.

முதலில் கெண்டைக்கால் கல்லாகிவிட்டது. மைதானத்தைச் சுற்றி வருவதற்குள் இரண்டு இடத்தில் உட்கார்ந்தேன். என்னைத் தாண்டிப் போகிறவர்கள் எல்லாம் நிழல்போலத்தான் தெரிந்தார்கள். வேலிக்கு அப்பால் இருந்த கடைகளெல்லாம் எனக்கு வெறும் வெளிச்சப் பொட்டுகள். பாதையில் பள்ளம் எங்கே, கல் எங்கே என்று கால்தான் தடவித் தடவித் தெரிந்துகொண்டது. வீட்டில் அவர் இல்லாத நேரம் பார்த்து நாற்காலியிலிருந்து எழுந்து எழுந்து உட்கார்ந்தேன். வாய்விட்டு மூச்சு விட்டுக்கொண்டே தண்ணீர் பாட்டில்களைத் தூக்கி இறக்கினேன். கொஞ்சம் கொஞ்சமாகக் கால் பழகியது. ஒரு சுற்று, நிற்காமல் ஒரு சுற்று, பிறகு எத்தனை என்று எண்ணுவதையே விட்டுவிட்டேன். துண்டு மடிக்கும் இடத்தில் மூட்டை தூக்க முன்பெல்லாம் ஆள் கூப்பிடுவேன். இப்போது நானே தூக்கிவைத்தேன்.

சொன்னால் நம்பமாட்டீர்கள், பிரஷர் இறங்கியது. தடாலென்று இல்லை. மெல்ல, மனசில்லாமல் இறங்குகிற மாதிரி இறங்கியது. இரண்டாவது மாத முடிவில் டாக்டரம்மா நன்றாக உட்காரவைத்து, பேசவிடாமல் இரண்டு தடவை பார்த்துவிட்டு, இதே மாத்திரை போதும், இப்படியே போங்கள் என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. இதைச் சொல்லிப் பீற்றிக்கொள்ள வீட்டில் ஓர் ஆள் இருந்தும் சொல்ல முடியாத கஷ்டம் யாருக்கும் வரக் கூடாது. என் வீட்டுக்காரரோ புது மாத்திரையின் மகிமை என்று சொல்லிக்கொண்டிருந்தார். பார்த்தியா, சும்மா உட்கார்ந்திருந்தாலே இறங்கிருச்சு என்பார். நான் நாக்கைக் கடித்துக்கொள்வேன்.

நான் நடக்க ஆரம்பித்த சமயத்திலேயே ஆலையில் அவருக்கு ஷிஃப்ட்டை மாற்றியிருந்தார்கள். வீட்டைவிட்டுப் போவது அதே நேரத்துக்குத்தான், திரும்பி வருவது மட்டும் லேட்டாயிற்று. பழைய பாய்லருக்கு வேலை அதிகம் என்றார். வேலை அதிகம் என்கிறாரே தவிர, ஆளுக்குத் தொப்பை போட்டுக்கொண்டே வந்தது. சட்டைப் பட்டன் இரண்டு முறை தெறித்து, தடவித் தடவி நானே தைத்துக் கொடுத்தேன். நான் என் திருட்டு நடையில் கவனமாக இருந்ததால் இதைப் பற்றி மேற்கொண்டு யோசிக்கவில்லை.

ஆபரேஷன் நாள் வந்தது. கண் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் பகுதி மூன்றாவது மாடியில். லிஃப்ட்டுக்கு முன்னால் நீளக் கூட்டம். என்னைப் போன்றவர்கள்தான் எல்லோரும், கைத்தடியும் துணையுமாக. எனக்கோ உடம்பில் தெம்பு தெறித்துக்கொண்டிருந்தது. இத்தனை நாள் மறைத்து வைத்திருந்ததை ஒரு முறையாவது அவர் கண்ணுக்கு முன்னால் காட்டிவிட வேண்டும் என்று ஓர் ஆசை. நீங்க லிஃப்ட்டுல வாங்க என்று சொல்லிவிட்டுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படியேறினேன். பின்னால் அவர் என்னவோ சொன்னது கேட்டது. நிற்கவில்லை. மூன்று மாடியையும் ஒரே மூச்சில் ஏறி, வாசலில் பேரைச் சொன்னேன். நேரே உள்ளே கூப்பிட்டு நாற்காலியில் உட்காரவைத்து நர்ஸ் கையில் பட்டையைக் கட்டிவிட்டார்.

பட்டை இறுகும்போதே புரிந்துவிட்டது. நெஞ்சு இன்னும் தடதடவென்று அடித்துக்கொண்டிருந்தது. நர்ஸ் எண்ணைப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார். அந்தப் பிதுக்கலை நான் ஏற்கெனவே இரண்டு முறை பார்த்திருக்கிறேன். டாக்டரம்மா படித்துப் படித்துச் சொன்னதை மறந்து, என் வீட்டுக்காரரை மனசுக்குள் திட்டிய அதே தப்பை, இதற்குத்தான் என்று மூன்று மாதம் உழைத்துவிட்டு நானே செய்துவைத்திருக்கிறேன். என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

அதற்குள் லிஃப்ட்டில் வந்து சேர்ந்த என் வீட்டுக்காரர் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே நுழைந்தார். நர்ஸ் முகத்தைப் பார்த்ததும் அவருக்கு விளங்கிவிட்டது.

"சிஸ்டர், அது அவ பிரஷர் இல்ல. இப்பத்தான் படியேறி வந்தா. நெருப்பு எரியும்போது பார்த்தா ஏறித்தான் இருக்கும், கொஞ்சம் ஆறவிட்டுப் பாருங்க," என்றார். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். "தினம் அந்த மைதானத்தை என்ன வேகத்துல சுத்தறா தெரியுமா? ஒரு நாளும் ஒண்ணும் ஆனதில்ல. நான்தான் பார்த்துக்கிட்டே இருக்கேனே."

நர்ஸ் விவரமானவர். பட்டையைத் தளர்த்திவிட்டு, பின்னால் சாய்ந்து, காலைத் தரையில் ஊன்றி அப்படியே உட்காருங்கள், கொஞ்ச நேரம் கழித்து மறுபடி பார்க்கிறேன், அதுவரை பேசக் கூடாது, டென்ஷன் ஆகவே கூடாது என்றார். இப்போதும் இறங்காவிட்டால் இன்றைக்கும் நடக்காது என்பதைச் சொல்லவும் அவர் மறக்கவில்லை. பிறகு அடுத்தவரைப் பார்க்கப் போய்விட்டார்.

என் நிலைமையை யோசித்துப் பாருங்கள். மூன்று மாதமாக இந்த மனுஷன் என்னை ஒளிந்திருந்து பார்த்திருக்கிறார். எனக்குத் தெரியாமல். என் மூக்குக்கு மேல் வருகிற கோபம் புறப்பட்டுப் பாதி வழி வந்துவிட்டது. ஆனால் கோபப்பட்டால் கண் போச்சு, மிஷின் போச்சு. என் வாழ்நாளில் முதல் முறையாக வந்த கோபத்தைத் திருப்பி அனுப்ப வேண்டியிருந்தது.

அவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, தரையைப் பார்த்துக்கொண்டு, மெல்லிய குரலில் எல்லாவற்றையும் கொட்டினார். நான் கிளம்பிப் போன முதல் நாளே சாப்பாட்டு டப்பாவை மறந்துவிட்டுத் திரும்பி வந்திருக்கிறார். ஷூவோடு நான் கதவைப் பூட்டுவதைப் பார்த்துப் பின்னாலேயே வந்திருக்கிறார். மறுநாளே கூட வேலை பார்ப்பவரிடம் கேட்டு, நெருப்பு மூட்டும் வேலையை அவருக்குக் கொடுத்துவிட்டு, பிந்தின ஷிஃப்ட்டை வாங்கிக்கொண்டிருக்கிறார். மைதானத்துக்கு எதிரே ஒரு காபிக் கடை. அதன் கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால்தான் தினமும் உட்கார்ந்திருந்தாராம். எனக்கு வெறும் வெளிச்சப் பொட்டாகத் தெரிந்த கடை. சும்மா இடம் கொடுப்பார்களா? காபியும் வெண்ணெய் பன்னும் வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டே உட்கார்ந்திருக்கிறார். தொப்பை எங்கிருந்து வந்தது என்பது அப்போதுதான் புரிந்தது.

"தடுத்திருப்பேன். தடுத்தா சண்டை போடுவே. சண்டை போட்டா அதுக்கும் ஏறும்," என்றார். "ஆம்புலன்ஸ் நம்பரை ஃபோன்ல தயாரா தட்டி வச்சுக்கிட்டுத்தான் உட்கார்ந்திருப்பேன். நீ ஒவ்வொரு தடவையும் சுத்தி வந்து அந்த மூலையில திரும்பினப்புறம்தான் காபியில வாய் வைப்பேன். எனக்கு அவ்வளவு பயம்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதாலும் பிரஷர் ஏறுமா என்று தெரியாததால் அதையும் அடக்கிக்கொண்டேன். நாள் போகப்போக நான் விழாமல் நடப்பதைப் பார்த்து அவருடைய கணக்கு ஆட்டம் கண்டிருக்கிறது. ஆனால் இத்தனை சண்டைக்குப் பிறகு அதை ஒத்துக்கொள்வது எப்படி என்று தெரியாமல் மாத்திரை மேல் பழியைப் போட்டிருக்கிறார். வேலியோரம் வரும்போது வாய் எதையோ முணுமுணுத்துக்கொண்டே இருக்குமே, பிரார்த்தனையா என்று கேட்டார்.

பேசக் கூடாது என்று நர்ஸ் சொல்லியிருந்தார். ஆனால் இதற்குப் பதில் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"உங்களைத்தான் திட்டிக்கிட்டிருந்தேன்."

"மூணு மாசமாவா?"

நான் தலையாட்டினேன். அவர் யோசித்துப் பார்த்துவிட்டு, சரி, அதுவும் நல்லதுக்குத்தான் ஆகியிருக்கு என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சத்தம் போடாமல் தோள் குலுங்கச் சிரித்தேன். சிரித்து முடித்தபோது உடம்பெல்லாம் லேசாகியிருந்தது. மிஷினையும் நினைக்கவில்லை, ஆபரேஷனையும் நினைக்கவில்லை. அவருடைய கை என் கையின் மேல் இருந்தது.

நர்ஸ் வந்தார். பட்டை இறுகியது, தளர்ந்தது. அவர் எண்ணைப் பார்த்து, இன்னொரு கையிலும் ஒருமுறை பார்த்து, சிரித்தார். நூற்று நாற்பதுக்கும் கீழே. டாக்டரே கண்ணை மூடிக்கொண்டு ஒப்புக்கொள்வார், உள்ளே போகலாம் என்றார். நான் எழுந்திருக்கவில்லை. பட்டையை என் கையிலிருந்து நானே கழற்றினேன்.

"சிஸ்டர், ஒரு தடவை இவருக்கும் பாருங்க."

அவர் மறுத்தார். ஆலையில் வருஷா வருஷம் பார்க்கிறார்கள், போன தடவைகூடச் சரியாகத்தான் இருந்தது, நான் லிஃப்ட்டில்தான் வந்தேன், எனக்கெதற்கு என்றெல்லாம் சொன்னார். நான் சும்மா அவரைப் பார்த்தேன். கண் தெரியாவிட்டாலும் என் பார்வை வேலை செய்யும். கையை நீட்டினார். அவருடையது என்னுடையதைவிட எங்கேயோ மேலே இருந்தது. பதட்டத்தில் கூட இப்படிக் காட்டும், எதற்கும் டாக்டரிடம் போய் நாலைந்து நாள் பார்க்கச் சொல்லுங்கள் என்றார் நர்ஸ். ஊரில் உள்ள முள்ளையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தவர் தன் முள்ளைப் பார்த்துவிட்டு நீட்டிய கையோடு உட்கார்ந்திருக்க, நான் பச்சை அங்கியை மாட்டிக்கொண்டு உள்ளே போனேன். இந்த முறை அதைக் கழற்றிக் கொடுக்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை.

மறுநாள் கட்டைப் பிரித்தார்கள். முதலில் தெரிந்தது சுவரின் வெள்ளை. வெள்ளை இவ்வளவு வெள்ளையா என்று அசந்துபோனேன். இத்தனை நாள் எல்லாவற்றிலும் பழைய தேநீர்க் கறை படிந்திருந்திருக்கிறது. அடுத்துத் தெரிந்தது அவர் முகம். இவ்வளவு நரைத்திருக்கிறார், கண்ணுக்குக் கீழே இவ்வளவு பை விழுந்திருக்கிறது, எனக்குத் தெரியவே இல்லை. எப்படி இருக்கேன் என்று கேட்டார். நல்லா இல்ல என்றேன்.

டாக்டரம்மா பல நாள் பார்த்த பிறகு அவருக்கும் பிரஷர்தான் என்று முடிவு செய்தார். சின்ன மாத்திரை ஒன்று, கூடவே அதே நடை. பன்னுக்குத் தடை. சூப்பர்வைசர் பெண் ஃபோன் செய்து, மாதம் முடிந்ததும் வந்துவிடுங்கள், மிஷின் உங்களுக்குத்தான், இந்தப் பெண் தைப்பதெல்லாம் சுருங்கிச் சுருங்கி வருகிறது என்றாள். நூலைத் தளர்த்தி ஓட்டச் சொல், இல்லாவிட்டால் நான் வந்து சொல்லிக் கொடுக்கிறேன் என்றேன். இப்போது சொல்ல மனம் வந்தது.

ஆபரேஷனுக்குப் பிறகு கொஞ்ச நாள் நான் குனியக் கூடாது, வேக நடையும் கூடாது. ஆகவே நடப்பது அவர் முறை, உட்கார்ந்து பார்ப்பது என் முறை என்று நானே முடிவு செய்தேன். கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்தக் காபிக் கடை ஜன்னலில், அவர் உட்கார்ந்த அதே நாற்காலியில் உட்கார்ந்தேன். ஆள் தினமும் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார், தன் மருமகளை வேவு பார்க்கிறார் என்று நினைத்தோம் என்றார் கடைக்காரர். மைதானம் முழுக்க எனக்குத் தெரிந்தது. வேலியின் ஒவ்வொரு கம்பியும் தெரிந்தது. மறுகோடியில் கோல் கம்பத்தில் பெயின்ட் உரிந்திருப்பதுகூடத் தெரிந்தது.

அவர் தொப்பையோடு ஆடி ஆடி நடந்தார். ஒவ்வொரு சுற்றிலும் ஜன்னல் பக்கம் திரும்பி, நான் இருக்கிறேனா என்று பார்த்துக்கொண்டார். அவர் மறுகோடியிலிருந்து மீண்டு வரும்வரை எனக்கும் காபியில் வாய் வைக்க முடியவில்லை. இந்த மனுஷன் இதை மூன்று மாதம் தாங்கியிருக்கிறார் என்று நினைத்தபோது, எனக்கு அவர் மேல் இருந்த அன்பு, திட்டியதற்கெல்லாம் சேர்த்து வட்டியோடு பொங்கியது.

அடுத்த சுற்றில் மறுகோடிக்குப் போனவர் அங்கிருந்து இந்தப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். அவ்வளவு தூரம் அவளுக்கு எங்கே தெரியப்போகிறது என்று நினைத்திருக்க வேண்டும். மூலைவரை போகாமல், கோல் கம்பத்துக்குப் பின்னால் புகுந்து, புல்லின் குறுக்கே மெல்ல நடையைக் கட்டினார்.

நான் எழுந்து போய்க் கடை வாசலில் நின்று விரலை உயர்த்தினேன்.

அவர் நின்றார். திரும்பினார். விட்டுவந்த மூலையை நோக்கி நடந்தார். கடை வாசலிலிருந்தே அவர் முகம் தொங்கிப்போனது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது.